பரிபூரணம் வீட்டு ஸ்டே

எங்கள் தெருவுக்கு ‘ஸ்டே’ என்ற சொல் வந்து சேர்ந்தது எண்பத்துநான்காம் வருஷம், வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. கொண்டுவந்தவர் ஞானதுரை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையில் பால்கோவாப் பொட்டலமும் மறுகையில் மடித்த காகிதமுமாகத் தெருமுனையில் நின்று, “ஸ்டே வாங்கிட்டேன்!” என்றார். ராஜபாளையத்தில் எங்கள் பக்கம் அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் பொட்டலத்தைத்தான் பார்த்தோம். ஸ்டே என்பது பால்கோவாவில் ஒரு தினுசு என்று நினைத்தவர்களும் உண்டு. நான் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்கு நேர் எதிரே ஞானதுரையின் அப்பா கட்டிய வீடு. அதே வீட்டின் மேல் அவருடைய பெரியப்பா மகன் பொன்னுராஜுக்கும் ஒரு கண். அந்த வருஷம் சித்திரையில் குடும்பம் முழுக்க வ. புதுப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பொன்னுராஜ் வந்து வாசற்கதவில் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். போடும்போது நான் ஜன்னலில்தான் நின்றிருந்தேன். பித்தளைப் பூட்டு, இவ்வளவு பெரியது. திரும்பி வந்த ஞானதுரை பூட்டை உடைத்து, கோர்ட்டுக்குப் போய், கேஸ் முடியும் வரை பொன்னுராஜ் அந்த வாசல்படி மிதிக்கக் கூடாது என்று தடை வாங்கினார். அதுதான் ஸ்டே.

காகிதத்தோடு வக்கீல் ஒரு புத்திமதியும் கொடுத்து அனுப்பியிருந்தார். வீடு நம் அனுபவத்தில் இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும். ஒரு பொழுதுகூடப் பூட்டிக் கிடக்கக் கூடாது. தினமும் அடுப்பு எரிய வேண்டும். புகை தெருவுக்குத் தெரிந்தால் இன்னும் விசேஷம். ஞானதுரைக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கொட்டகை ஊருக்கு மேற்கே. அங்கேயே புதுவீடு கட்டி மனைவி தங்கபாயோடு குடியிருந்தார். புகை மண்டும் பழைய வீட்டுக்குத் தங்கபாய் வரமாட்டாள். அப்படியானால் அடுப்பு எரிக்க யார்?

தங்கச்சி பரிபூரணம் இருந்தாள். நர்ஸ் படிப்பு முடித்து, பத்து நாள் லீவில் வந்திருந்தாள். இருபத்தைந்து வயது. டிரங்குப் பெட்டியை இன்னும் முழுசாகத் திறக்கக்கூட இல்லை.

“ரெண்டு வாய்தா, இல்லன்னா மூணு. அதுக்குள்ள முடிஞ்சிரும். செத்த நாள் இரு,” என்றார் அண்ணன்.

அவள் இருந்தாள். ஏழு வருஷம் இருந்தாள்.

அந்த ஏழு வருஷத்தில் எங்கள் தெரு ஸ்டே என்ற சொல்லைத் தின்று ஏப்பம் விட்டது. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளையின் கோலிக்குண்டுகளுக்கு அம்மா ஸ்டே போட்டாள். என் வீட்டுக்காரர் பால்ச்சாமியின் பீடிக்கு நான் ஸ்டே வாங்கினேன். மில் கேட்டைத் தாண்டியதும் அவர் அதை உடைத்தார். ராத்திரி புதுப்பட்டியில் நின்று விடிகாலையில் திரும்பும் பஸ்ஸுக்கு ஸ்டே பஸ் என்று பேர். லாட்ஜில் தங்கினால் ஸ்டே. பரிபூரணம் வீட்டு வாசலில் ஒரு கரண்டுக் கம்பம் நட்டு, அது சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டிய கம்பிக்கும், லைன்மேன் கருத்தையா சொல்லி, ஸ்டே கம்பி என்று பேர்.

“இந்தக் கம்பத்தை அந்தப் பக்கத்து வயரெல்லாம் இழுக்குல்ல? அதனால எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டணும். இல்லன்னா ஒரே மாசத்துல படுத்துரும்,” என்றார் கருத்தையா.

பரிபூரணம் வாசல்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், நர்ஸ் படிப்பில் பரிசாக வாங்கிய தடித்த இங்கிலீஷ் அகராதியைத் தூக்கி வந்தாள்.

“அழகக்கா, இங்க வாங்க. இந்தக் கம்பி அர்த்தமும் இதுல போட்டிருக்கான்.”

நான் எட்டாவது வரை படித்தவள். ஏ, பி, சி, டி தெரியும். அவை கூடி நின்றால் தெரியாது. அவள் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள். நிற்பது, நிறுத்துவது, தங்குவது, தள்ளிப்போடுவது, தாக்குப்பிடிப்பது. லத்தீன் பாஷையில் ‘நில்’ என்பதிலிருந்து பிரெஞ்சுக்காரன் வாயில் விழுந்து, அங்கிருந்து இங்கிலீஷ்காரனிடம் வந்ததாம். வெள்ளைக்காரப் பெண்கள் இடுப்பு ஒடுங்கித் தெரிய இறுக்கிக் கட்டுகிற உள்ளாடைக்கும் அதே பேராம். அதற்குள் திமிங்கலத்தின் எலும்பை வைத்துத் தைப்பார்களாம்.

“அடி ஆத்தி. மூச்சு எப்பிடி விடுவாளுக?” என்றேன்.

“விட முடியாதுக்கா. மயங்கி விழுவாங்களாம். மயங்கி விழுந்தாலும் அது நிமிந்தே நிக்கும்.” சிரித்தாள். “ஆனா இந்தக் கம்பி இருக்குல்ல, இது வேற சொல்லு. கப்பல்ல பாய்மரம் சாயாம இழுத்துக் கட்டுற கயிறு. அது லத்தீன் இல்ல, வடக்க உள்ள கடல்காரங்க பாஷை. ரெண்டும் வேற வேற வயித்துல பொறந்து ஒரே பேர வச்சுக்கிட்டிருக்கு.”

“என் நாத்தனா பேரும் அழகுத்தாய்தான். அதுக்காக நானும் அவளும் ஒண்ணா?” என்றேன். அன்று அவள் சிரித்தது எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது; அதிகம் சிரிக்காதவள் என்பதால்.

ஊரெல்லாம் கேஸ் அடுப்புக்கு மாறிய பிறகும் அவள் வீட்டில் விறகடுப்புதான். புகை தெரிய வேண்டுமே. ஊசி போட, கட்டுக் கட்ட, பிரஷர் பார்க்க நாங்களே அவள் வீட்டுக்குப் போவோம். எங்கள் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடந்தாலும் அவள் தெருவைத் தாண்டி வரமாட்டாள், வாசற்படியில் நின்று கேட்பாள், “நாக்கு வெள்ளையா இருக்கா? ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதா?” பதிலையும் நாங்கள் தெருவே கேட்கக் கத்தித்தான் சொல்ல வேண்டும். என் குடும்பத்து வயிற்றுச் சங்கதி முழுவதும் இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஊரார் சங்கதி எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான் என்பதால் புகார் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேதக்கோயிலுக்குப் போவாள். ஆராதனை முடிந்து வரும் வரை அனுபவத்துக்கு ஆள் வேண்டுமே. அந்த ஆள் நான். எட்டரைக்குக் கூப்பிடுவாள், “செத்த நேரம் இருங்கக்கா.” நான் போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, பெட்டி, அலமாரி, கடிதாசி எல்லாம் ஒருமுறை பார்த்து வைப்பேன். சும்மா உட்கார்ந்திருந்தால் தூக்கம் வரும் என்பதால்தான். பதினொரு மணிக்கு அவள் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவாள். ஒருநாள்கூடப் பத்து நிமிஷம் பிந்தியதில்லை.

எண்பத்தாறில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், வாய்தா இருந்தது. எண்பத்தேழில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு பட்டாளத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் பிடித்துப் போனார்கள். கல்யாணம் அவர்கள் ஊரில். “கேஸு முடியட்டும்,” என்றார் ஞானதுரை. அவர்கள் இன்னொரு தடவையும் கேட்டுவிட்டு, வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். இதற்கிடையே முன்னறை இரண்டிலும் பேண்டேஜ் துணிக்கட்டுகள் கூரைவரை ஏறின. தறிக்கொட்டகையில் இடமில்லையாம். வெள்ளை வெளேரென்று அடுக்கிய துணிக்கு நடுவே ஒற்றையடிப் பாதை; அதில் பக்கவாட்டில் நடந்துதான் பரிபூரணம் வாசலுக்கு வருவாள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஞானதுரை கோர்ட்டுக்குப் போவார், சாயங்காலம் பால்கோவாவோடு வந்து, “தள்ளிப் போட்டுட்டாங்க. ஸ்டே இருக்கு,” என்பார். அனுபவத்துக்கு உட்காருகிறவள் என்ற முறையில் எனக்கும் ஒரு உருண்டை வரும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எண்பத்தெட்டு பாதியில் அந்தப் பால்கோவாவின் ருசி மாறியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்கில் விறகுப் புகை லேசாக அடிக்கும். விரலில் எடுத்தால் மணல் மணலாக வரும். இது வழவழவென்று, வெறும் தித்திப்பு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடைச் சரக்கு என்று நாக்குச் சொன்னது. மனுஷனுக்குக் கஞ்சத்தனம் கூடிவிட்டது என்று நினைத்து, தெருவில் நாலு பேரிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றொன்று ஜூலைக் கடைசியில் பரிபூரணத்துக்கு ஒரு கடிதாசி வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி. அவளோடு படித்தவள் அங்கே பெரிய நர்ஸாக இருந்து சிபாரிசு செய்திருந்தாள். ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிவிடும். பிறகு எந்த ஆஸ்பத்திரியும் எடுக்காது. இதையெல்லாம் அவளே சொன்னாள். சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் கடிதாசியை நீட்டினாள். நான் என் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரை ஆய்ந்து முடிந்திருந்தது, ஆய்ந்ததையே ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“பன்னெண்டாம் தேதி வாய்தா இருக்குட்டி,” என்றார் ஞானதுரை. “அன்னைக்கு முடிஞ்சிட்டா நானே கொண்டு போய் விடுதேன்.”

“முடியலன்னா?”

“முடியலன்னா நான் என்ன ஜட்ஜா? ஸ்டே இருக்கும்போது வீட்டைப் போட்டுட்டுப் போனா அடுத்த நாளே பொன்னுராஜு பூட்டோட வந்து நிப்பான். அப்பா கட்டுன வீடு. ஒனக்கு வேணாம்னா சொல்லு.”

அவள் கடிதாசியை மடித்து அகராதிக்குள் வைத்தாள்.

பன்னிரண்டாம் தேதி ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். நான் வருஷம் தவறாமல் போகிறவள். அந்த ஊரில் அன்றைக்கு வடம் பிடிப்பதைத் தவிர வேறு வேலையே நடக்காது. கோர்ட்டு வாசல் வழியாகத்தான் நடந்து போனேன். கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கேட்டில் யாரோ ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஈ காக்கை இல்லை.

சாயங்காலம் ஊர் திரும்பி, கால் கழுவிக்கொண்டிருக்கும்போது ஞானதுரை வந்தார், பொட்டலத்தோடு.

“ஏயப்பா, கோர்ட்டுல என்னா கூட்டம்! நிக்க இடமில்ல. கடைசியில ஜட்ஜு அக்டோபருக்குத் தள்ளிட்டாரு,” என்றார்.

என் கையில் செம்பு அப்படியே நின்றது. ஞானதுரை வீட்டில் மாட்டியிருப்பது சபைக் காலண்டர். வசனம் இருக்கும், நட்சத்திரம் இருக்காது. பாவம், தேதியை மட்டும் பார்த்துப் பொய் சொன்ன மனுஷன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூட்டம் என்று சொல்வதானால், அவர் அன்றைக்குத் தறிச்சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காதவராக இருக்க வேண்டும். எனக்கும் ஒரு உருண்டை வந்தது. வாயில் போட்டேன். வழவழ. மூன்று வருஷமாக என் நாக்கு சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். புதன்கிழமை மறுபடி பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை வீரணன் அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஞானதுரை பேரைச் சொன்னதும் உள்ளே போய், அரைமணி நேரத்தில் வெளியே வந்தான்.

“மதினி, இது எண்பத்தெட்டு மார்ச்லயே முடிஞ்சு போச்சே. ரெண்டு பேரும் ராஜி ஆயிட்டாக. வன்னியம்பட்டி வயலப் பொன்னுராஜு எடுத்துக்கிட்டாரு, வீட்ட இவுக எடுத்துக்கிட்டாக. கையெழுத்தெல்லாம் போட்டாச்சு.”

“அப்பம் ஸ்டே?”

“கேஸே இல்ல, ஸ்டே எங்கிட்டு இருக்கும்? அந்தப் பொன்னுராஜு கோயமுத்தூர்ல குடியேறி எம்புட்டு நாளாச்சு!”

பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணினேன். அடுப்புப் புகைக்குள் அவள் இருந்த வருஷங்களில் மூன்று வருஷத்துக்கு எந்தக் கோர்ட்டும் காரணமில்லை. துணிக்கட்டுக்குக் காவல், சம்பளமில்லாத காவல். அவளைக் கட்டிக் கொடுத்தால் வீட்டில் பங்கு என்ற பேச்சு வரும். ஸ்டே இருந்தால் ஒரு பேச்சும் வராது.

நேரே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். நல்ல சேதி என்றுதான் நினைத்தேன்.

அவள் ஊதாங்குழலைக் கையில் வைத்தபடி கேட்டாள்.

“எண்பத்தெட்டு மார்ச்சா?”

“ஆமாட்டி.”

“அந்த மார்ச்லதாங்கா சாத்தான்குளத்துக்காரங்க ரெண்டாந்தடவ ஆள் விட்டாங்க.” குழலைச் சுவரில் மாட்டினாள். “அண்ணன் இங்க நின்னுதான் பதில் சொன்னாரு. இந்த எடத்துல.”

“கெடக்கான் விடு. இப்ப என்ன, கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல. பெட்டியத் தூக்கு. வா, ஒன்ன இப்பமே பஸ் ஏத்தி விடுதேன்.”

கையைப் பிடித்து இழுத்தேன். துணிக்கட்டு நடுவே நடந்து வாசல்படி இறங்கினாள். தெருவில் நாலு எட்டு வைத்தாள். கம்பத்தடிக்குப் போனதும் அந்த ஸ்டே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வீட்டைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆளில்லை. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது.

“கால் வரலக்கா.”

“பொன்னுராஜு கோயமுத்தூர்ல இருக்கான்ட்டி.”

“தெரியுது. ஆனா வீட்ல ஆளில்லல்ல? கால் வரல.” அதற்குள் திரும்பி உள்ளே ஓடிவிட்டாள். சற்று நேரத்தில் புகைபோக்கியில் புகை வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். வாசலில் வந்து நின்று அவள்தான் தடுத்தாள். “யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா. திங்கக்கெழம வரைக்கும்.” வியாழன், வெள்ளி, சனி. ஞானதுரை இரண்டு தடவை வந்து துணி இறக்கினார். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவரும் குடித்தார். நான் ஜன்னலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையும் இப்படியே வந்து, இப்படியே போய்விடும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு வழக்கம் போலக் குரல் வந்தது.

“அழகக்கா, கோயிலுக்குப் போயிட்டு வாரேன். செத்த நேரம் இருங்க.”

போனேன். பைபிள் பை தோளில் தொங்கியது. அந்தப் பை எந்த ஞாயிற்றுக்கிழமையும் இவ்வளவு புடைத்திருந்ததில்லை. வாயோரத்தில் ஏதோ வெள்ளையாக எட்டிப் பார்த்தது. என்னட்டி இது என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்து நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

“உக்காந்திட்டீங்களா?” என்றாள்.

“உக்காந்திட்டேன்.”

“நல்லா?”

“அட, நல்லா உக்காந்திட்டேன்ட்டி. போயிட்டு வா.”

நான் சம்மணம் போட்டு உட்கார்ந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தாள். துணிக்கட்டுக்கு நடுவே தெரிந்த வாசல் வழியாகப் பார்த்தேன், கம்பத்தைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் இடப்பக்கம், பஸ் ஸ்டாண்ட் வலப்பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று எழுந்து பார்க்கலாம்தான். உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டேனே.

பதினொன்று அடித்தது. பன்னிரண்டு. டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை கஞ்சி போட்டுத் தேய்த்து வைக்கிற வெள்ளைச் சேலைகள் இல்லை. அகராதி மட்டும் இருந்தது, கடிதாசி இல்லை. அடையாளத்துக்கு ஒரு பேண்டேஜ் துண்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன். எஸ், டி, ஏ, ஒய். அதைச் சுற்றிப் பென்சிலில் போட்ட வட்டங்கள், ஏழு வருஷத்து வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று. கடைசியில் அந்தச் சொல்லின் குறுக்கே கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. பக்கத்தில் சின்னதாகத் தமிழில் எழுதியிருந்தாள்: “அழகக்கா, மன்னிச்சிருங்க. நீங்க இருந்தாத்தான் கால் வரும்.”

ஒரு மணிக்கு எதிர்வீட்டு வாசலில், அதாவது என் வீட்டு வாசலில், பால்ச்சாமி வந்து நின்றார்.

“ஏட்டி, சோறு பொங்கலியா?”

“பொங்க முடியாது. நான் அனுபவத்துல இருக்கேன்.”

“என்னது?”

“பானையில பழையது கெடக்கு, போட்டுத் தின்னுங்க!”

எழுந்து போயிருக்கலாம். கேஸ் இல்லை, ஸ்டே இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் எழுந்தால் அவள் அங்கே பாதி வழியில், பஸ்ஸில் இருந்தபடியே, கால் பின்னுக்கு இழுக்கத் தவிப்பாள் என்று ஒரு எண்ணம். முட்டாள்தனம்தான். முழங்கால் வலித்தது. துணிக்கட்டுகள் சுற்றி நின்றன. ஜன்னல் முழுக்க மறைத்துவிட்டதால் தெருவில் யார் போகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. ஒரு பகலே எனக்கு மூச்சு முட்டியது.

நாலு மணிக்கு ஞானதுரை வந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை.

“பரிபூரணம் எங்கக்கா?”

“கோயிலுக்கு.”

“மணி நாலாச்சே!”

“பிரசங்கம் நீளமோ என்னமோ.”

அவர் கண் டிரங்குப் பெட்டிக்குப் போனது; திறந்து கிடந்தது. பிறகு சுவரில் மாட்டிய காலண்டருக்கு. பதினெட்டு. முகம் மெதுவாக மாறியது.

“சரி, நீங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க. நான் பூட்டிக்கிடுதேன்.”

“பூட்டவா? என்ன தம்பி பேசுதீக. ஒரு பொழுதுகூடப் பூட்டிக் கெடக்கக் கூடாதுன்னு வக்கீலு சொல்லியிருக்காருல்ல? அக்டோபர்ல வாய்தா வேற இருக்கு.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

“பொன்னுராஜு வந்து பூட்டப் போட்டா? அவ நாளைக்கு என்னைத்தான கேப்பா? ஸ்டே இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, எந்திரிச்சிருதேன்.”

வாயைத் திறந்தார். இல்லை என்றால், மூன்று வருஷத்துக்கு என் முன்னால் பதில் சொல்ல வேண்டும். என் முன்னால் என்றால் தெரு முன்னால். இருக்கிறது என்றால், இந்த வீட்டில் இன்று ராத்திரி அடுப்பு எரிக்க ஆள் வேண்டும். இரண்டு துணிக்கட்டுக்கு நடுவில் நின்றார். முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை.

“தேர் அன்னைக்குக் கோர்ட்டுல எம்புட்டுக் கூட்டம்!” என்றேன். “நானும் பாத்தேன். ஒரு ஆடு நின்னுச்சு.”

தரையைப் பார்த்துக்கொண்டு, “ஸ்டே… இருக்குக்கா,” என்றார்.

“அப்பம் தங்கபாயக் கூட்டிக்கிட்டு வாங்க. அவ வந்து உக்காந்தப் பொறவு நான் போறேன். அவ வாரது வரைக்கும் அடுப்பு அணைஞ்சிரக் கூடாது. புகை தெருவுக்குத் தெரியணும்.” முழங்காலை நீவிக்கொண்டு சொன்னேன். “எனக்கு எந்திரிக்க முடியல தம்பி. ஊதாங்குழல் அந்தா, சுவத்துல மாட்டியிருக்கு.”

அவர் குழலை எடுத்தார். வெள்ளைச் சட்டையோடு அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கன்னம் உப்ப ஊதினார். சாம்பல் பறந்து சட்டையில் விழுந்தது. இரண்டாவது ஊதலில் இருமல் வந்தது.

“இன்னும் கொஞ்சம் பலமா,” என்றேன்.